வாயால் வளர்ந்த வனம்

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பற்றி எழுதப் புகுவோர் பனையைப் பற்றி எழுதுவர். கிணற்றைப் பற்றி எழுதுவர். செம்மண் தோட்டங்களில் விளையும் புகையிலையையும் வெங்காயத்தையும் பற்றி எழுதுவர். காட்டைப் பற்றி எழுதுவார் அரியர். எழுதுதற்கு இங்கே காடு ஏது என்று நேயர்கள் கேட்டல் கூடும். கேள்வி நியாயமானதே. கோயில்களை அடுத்து நிற்கும் சில சோலைகளும், கடலோரத்துக் கண்டல்களும், மணற்காட்டுச் சவுக்கந் தோப்பும், உழவுக்கு உதவாத கற்றரையில் முளைத்த பற்றைகளுமே இன்று நமக்கு எஞ்சியவை. ஆயினும் இக்குடாநாட்டின் தலைவாயிலுக்கு நம் முன்னோர் இட்ட பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆனையிறவு! இறத்தல் என்னும் சொல்லுக்குக் கடத்தல் என்பது பழைய பொருள்களுள் ஒன்று. ஆனை கடந்த துறை அது.

ஆனை கடந்து வந்தது என்றால் எதை உண்டது? எந்தக் கொப்பை முறித்தது? அது வாராது நின்ற பின்னர் அந்தச் செடிகொடிகளுக்கு என்ன நேர்ந்தது? இவை சிறுபிள்ளைகளின் வினாக்கள் போலத் தோன்றும். ஆயினும் இன்றைய தாவரவியலாரும் விலங்கியலாரும் ஆராய்ந்து வரும் வினாக்களும் இவையே. காட்டுக்குச் சென்றவன் அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறான்; காலடியில் நிற்கும் பூண்டையும் புதரையும் நாற்றையும் பார்ப்பதில்லை. ஆனால், நாளைய காடு இன்றைய காலடியிலே தான் இருக்கிறது. அந்தக் காலடியைச் செப்பனிடுவன மானும் மரையும் முயலும் ஆனையுமே.

ஆனை கடந்த துறை

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதி வழியே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் சென்றால் ஆனையிறவை அடையலாம். இருபுறமும் நீரேரி, நீர் வற்றிய காலத்தில் உப்புப் பூத்த வெண்டரை. இந்த ஆழமற்ற நீர்ப்பரப்பின் வழியாகவே முற்காலத்தில் வன்னிக் காட்டில் பிடித்த ஆனைகள் குடாநாட்டுக்குள் ஓட்டி வரப்பட்டன. வன்னியர்கள் ஆனைகளையே திறையாகச் செலுத்தினர். 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கீசரும், 1658 இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் அந்தத் திறையை விடவில்லை. ஆனைகள் யாழ்ப்பாணத்தில் விலைபேசப்பட்டு, கப்பலேறி இந்தியாவுக்குச் சென்றன. ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கீசர் ஆனைத்துறை என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். ஆங்கிலத்தில் அவ்வூருக்கு வழங்கும் ‘கயிற்ஸ்’ என்னும் பெயர் துறைமுகத்தைக் குறிக்கும் அப்போர்த்துக்கீசச் சொல்லின் எச்சமே.

ஆனை போயிற்று, மானும் மரையும் போயின. குடியும் பயிரும் நெருங்கிய குடாநாட்டில் பற்றைக்குள் ஒளித்துவாழும் முயலைத் தவிர, புல்லுண்ணும் காட்டு விலங்கென்று சொல்லத்தக்கது அரிதாயிற்று. அவற்றின் இடத்தை நம் ஆடும் மாடும் பிடித்துக்கொண்டன. தரவை என்று நாம் வழங்கும் உவர்ப்புல் வெளிகள் பட்டிமாடுகளின் மேய்ச்சல் நிலங்களாயின. ஆதலின், நம் மண்ணுக்கு உரிய காடு எவ்வாறு இருந்திருக்கும் என்று அறிய விரும்புவோர் ஆனையிறவைத் தாண்டியே ஆகவேண்டும்.

குளக்கரைப் பந்தி

பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி ஆகியவற்றைக் கடந்து மாங்குளத்தை அடைந்ததும் கிழக்கே ஒட்டுசுட்டானுக்குச் செல்லும் வீதி பிரிகின்றது. அவ்வீதியில் வன்னிக் காட்டின் இயல்பை நன்கு காணலாம். தாவரவியலார் இதனை உலர்வலயத்து என்றும் பசுமையான கலப்புக் காடு என்பர். மேலே பாலையும் வீரையும் கருங்காலியும் முதிரையும் நிற்கும். அவற்றின் கீழே சிறுமரங்கள். அவற்றுக்கும் கீழே காரை, சூரை, கிளா முதலிய முட்புதர்களும், கொடிகளும், மாரியில் மட்டும் தலைகாட்டும் பூண்டுகளும். இந்தக் கடைசிப் படியே நமது கட்டுரைக்கு உரியது. வீதியை விட்டுக் காட்டுக்குள் இறங்குதல் தகாது என்பதையும் மாணவர்க்குச் சொல்லி வைக்கிறேன். அங்கே ஆனைக்கும் அஞ்சவேண்டும். இன்னும் முற்றாக அகற்றப்படாத மிதிவெடிக்கும் அஞ்சவேண்டும்.

காட்டைக் காண்பதற்குக் குளக்கரையே ஏற்ற இடம். வன்னி குளங்களின் நாடு. கோடையில் நீர் பின்வாங்கப் பின்வாங்க, குளத்தின் அடியில் புதுப்புல் முளைக்கும். காடு முழுதும் காய்ந்து சருகாய்க் கிடக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் அக்கரையில் மட்டும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கும். அத்தகைய ஒரு குளக்கரையில், மாணவர் சிலருடன் நின்றபோது, மாடு சாய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டோம். புல் முழுவதும் ஒரே மட்டமாய், கத்தரித்து விட்டாற்போல் இருந்தது.

“அப்பு, இந்தப் புல்லை ஆர் இவ்வளவு வடிவாய் வெட்டி விடுகினம்?” என்று கேட்டேன்.

முதியவர் சிரித்தார். “வெட்டுறதோ, மாஸ்ரர்! பகலிலை என்ரை மாடு. பொழுதுபட மான். சாமத்திலை ஆனை. மூண்டு பந்தியும் ஒழுங்காய் நடக்குது.”

“பந்தி நடக்காவிட்டால்?”

“அதையும் கண்டனான். சண்டை முடிஞ்சு திரும்பி வந்து பாக்கேக்கை மாடுமில்லை, மனிசருமில்லை. வெடிச் சத்தத்துக்கு ஆனையும் உள்ளுக்குப் போட்டுது. கரையெல்லாம் பற்றை பிடிச்சு நிண்டது. மாடு வாங்கி விட்டு ரெண்டு மாரி போனாப் பிறகுதான் அறுகு திரும்பத் தலைகாட்டினது.” சிறிது நேரம் பேசாது நின்றவர், “ஆனை வேண்டாமெண்டு நான் சொல்ல மாட்டன். ஆனால் என்ரை வாழைக்குள்ளை வந்தால் நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ” என்றார்.

அவருடைய முதற் பேச்சில் ஒரு விஞ்ஞானப் பாடம் அடங்கியிருக்கிறது. இரண்டாம் பேச்சில் ஒரு நாட்டின் துன்பம் அடங்கியிருக்கிறது. முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

நாவும் முள்ளும்

புல்லுக்கும் ஏனைய செடிகளுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பெரும்பாலான செடிகளின் வளர்முனை நுனியில் இருக்கிறது. நுனியைக் கடித்தால் வளர்ச்சி தடைப்படும். புல்லின் வளர்முனையோ அடியில், மண்ணோடு ஒட்டி இருக்கிறது. மேலே எத்தனை முறை கடித்தாலும் கீழிருந்து தளிர்த்துக்கொண்டே இருக்கும். ஆதலின் இடைவிடாது மேயப்படும் நிலத்தில் உயர்ந்து வளரும் செடி தோற்கிறது. தாழ்ந்து படரும் புல் வெல்கிறது. பிள்ளையாருக்கு உகந்த அறுகு இவ்வகையில் தலைசிறந்தது. மேய்ச்சல் அதற்குத் தண்டனையன்று. வெயிலை மறைக்கும் போட்டிச் செடிகளை அகற்றித் தரும் உதவியேயாகும். புதுத்தளிர் மென்மையும் சத்தும் உடையது. ஆதலால் மான் மீண்டும் அங்கேயே வரும். அது வருவதால் புல் மேலும் தாழ்ந்து பரவும். விலங்கு புல்லை ஆக்குகிறது; புல் விலங்கை அழைக்கிறது. வில்பத்துக் காட்டில் வில்லு எனப்படும் இயற்கை நீர்நிலைகளின் ஓரத்தில் புள்ளிமான் கூட்டங்கள் மேயும் வெளிகளும் இவ்வகையினவே.

புற்கரையை விட்டுக் காட்டின் ஓரத்தைப் பார்த்தால் வேறொரு காட்சி. புதர்களின் அடிப்பகுதி, ஒரு குறித்த உயரம் வரை, இலை குறைந்து வெறுமையாய்த் தோன்றும். அதற்கு மேலே இலை அடர்ந்திருக்கும். மட்டக்கோல் பிடித்துக் கோடிட்டாற்போன்ற இவ்வெல்லை வாய் எட்டும் உயரமாகும். இதைக் காண வன்னிக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. நம் வீட்டு வளவில் கட்டிய ஆடு பூவரசம் வேலியை எந்த உயரம் வரை கறித்திருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேலுள்ள குழையை நாம் கொக்கத்தடி கொண்டே பறிக்கிறோம். காட்டிலே அத்தொழிலை மந்திகள் செய்கின்றன. அவை உச்சிக் கொப்புகளிலிருந்து தின்று சிந்தும் இலையையும் காயையும் பொறுக்குதற்குப் புள்ளிமான்கள் மரத்தடியில் கூடும்.

எல்லா விலங்கும் எல்லாவற்றையும் உண்பதில்லை. புள்ளிமான் புல்லை நாடும். மரை குழையை மிகுதியாக நாடும். ஆனை இரண்டையும் உண்ணும். மாரியில் புல்லும் கோடையில் கொப்பும் பட்டையும் அதற்கு ஆகும். இந்தத் தெரிவினாலேயே கீழ்த்தளத்துச் செடிகளின் விகிதம் மாறுகிறது. சுவையான செடி குறைய, கசப்பும் நஞ்சும் முள்ளும் உடையது பெருகும். செடி ஓட முடியாதது. ஆதலால் அது முள்ளாலும் பாலாலும் மணத்தாலும் தன்னைக் காக்கிறது. ஆபிரிக்க நாட்டு வேல மரங்களில், விலங்கின் வாய்பட்ட கொப்புகள் அடுத்த முறை நீண்ட முட்களுடன் தளிர்ப்பதை ஆராய்ச்சியாளர் அளந்து கண்டுள்ளனர்.

இன்னொன்றும் கவனித்தற்குரியது. முள் தன்னை மட்டும் காப்பதில்லை. காரைப் புதருக்குள் விழுந்த பாலை விதையையும் வேப்பம் விதையையும் அது காக்கிறது. வெளியில் முளைத்த நாற்று மானின் வாயில் போகும். முட்புதருக்குள் முளைத்தது நிழலும் பெற்று, கடியும் படாது, புதரை ஊடுருவி மேலெழும். பின்னர் அதன் நிழலிலேயே புதர் நலியும். நம் நாட்டுப் பற்றைகளின் நடுவே தனியாக ஒரு பாலையோ வேம்போ தலைநீட்டி நிற்பதைக் கண்டால், அது எவ்வாறு அங்கு வந்தது என்று இனி எண்ணிப் பாருங்கள். பற்றையைப் பயனற்றது என்று தீயிடுவோர் மரத்தின் தொட்டிலைத் தீயிடுகின்றனர்.

பெயரிலே பொதிந்த பாடம்

தமிழர் இந்த உண்மைகளை அறியாதவர் அல்லர். அவர்கள் அதனை நூலாக எழுதிவைக்கவில்லை; பெயராக இட்டு வைத்தனர். ஆடுதின்னாப்பாளை என்றொரு பூண்டு நம் வரண்ட நிலங்களில் படர்ந்து கிடக்கும். பெயரே அதன் வரலாற்றைச் சொல்கிறது. மேய்ச்சலுக்குப் போன ஆடு சுற்றிலும் உள்ளதைத் தின்று அதனை மட்டும் விட்டுச் செல்லும். அதன் நஞ்சை உண்ணவும் வல்ல உயிர் ஒன்று உண்டு. கருமையும் செம்மையும் கலந்த அழகிய வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழு அவ்விலையையே உண்டு வளர்ந்து, அந்நஞ்சைத் தன் உடலில் ஏற்றிப் பறவைகளிடமிருந்து தப்புகிறது. ஆடு விட்டதைப் புழு எடுத்துக்கொண்டது.

இருமலுக்கு நாம் அவித்துக் குடிக்கும் ஆடாதோடையும் ஆடு தொடாத இலை என்னும் பொருளில் வந்தது என்பர். சுவீடன் தேசத்துத் தாவரவியல் மேதை லின்னேயஸ் 1753 இல் தம் நூலில் அதற்குச் சூட்டிய இலத்தீன் பெயரிலும் இத்தமிழ்ச் சொல்லே இடம்பெற்றது. நெருஞ்சியும் ஆனைநெருஞ்சியும் தம் காய் முள்ளாலும், நாயுருவி விலங்கின் மயிரில் ஒட்டிப் பயணம் செய்யும் விதையாலும் பெயர் பெற்றவை. இத்தனை பெயர்களும் மாடு மேய்த்த சிறுவர்களின் கண்ணிலிருந்தே பிறந்திருத்தல் வேண்டும். இன்று மேய்ச்சற் சிறுவரும் இல்லை. பெயரறிந்த கிழவரும் அருகி வருகின்றனர். பெயர் மறைந்தால் அந்தப் பெயருக்குள் இருந்த அவதானமும் மறையும்.

ஆனையின் வேலை

மானும் மரையும் இலையைக் கொய்பவை. ஆனையோ காட்டின் அமைப்பையே மாற்றுவது. வளர்ந்த ஆனை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் உணவு கொள்ளும் என்பர். நாளின் பெரும்பகுதியை உண்பதிலேயே கழிக்கும். எட்டாத கொப்பை வளைத்து முறிக்கும், சிறுமரத்தைச் சாய்க்கும், பட்டையை உரிக்கும். முறிந்த இடத்தில் வெயில் இறங்கும். அதுவரை இருளில் கிடந்த புல்லும் பூண்டும் நாற்றும் அங்கே எழும். அதனை உண்ண மானும் முயலும் வரும். சாய்ந்த மரமும் பெரும்பாலும் அடியிலிருந்து மீளத் தளிர்த்து, எட்டும் உயரத்தில் புதராய் நிற்கும்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார் டீற்றர் மியூலர்-டொம்புவா இலங்கையின் தென்கிழக்கில் உள்ள யால என்னும் உறுகுணைத் தேசிய வனத்தில் இதனை ஆராய்ந்து 1972 இல் எழுதினார். மரமுடிகளின் கோணலை நோக்கியே ஆனைகள் எங்கெங்கு உண்டன என்பதை அவர் வரைந்து காட்டினார். அதாவது, காட்டைப் பார்த்தே ஆனையைப் படித்தார். தமிழ்நாட்டில் முதுமலைக் காட்டில் 1988 இல் 50 ஹெக்டேயர் நிலம் ஒன்றை அளந்து, பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தார் அதிலுள்ள மரங்களையெல்லாம் எண்ணத் தொடங்கினர். ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள சிறு நாற்றும் அக்கணக்கில் சேரும். செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த கிடியா என்னும் சிறுமரம் ஆனைக்கு மிகவும் பிரியமானது. அடுத்து வந்த ஆண்டுகளில் அதன் தொகை அந்நிலத்தில் பெரிதும் வீழ்ந்தது. வாய் எத்துணை வலியது என்பதற்கு இது சான்று.

ஆனால் அதே ஆனை எடுப்பதுடன் கொடுக்கவும் செய்கிறது. உண்டதில் ஏறத்தாழப் பாதியையே அதன் வயிறு செரிக்கும். ஆனை உண்ட விளாங்கனி என்னும் வழக்கு நாம் அறிந்தது. ஓடு உடையாமல் உள்ளீடு மட்டும் மறைந்து வெளிவரும் என்று அக்காலத்தார் நம்பினர். உண்மை அதனினும் சுவையானது. சதை செரிக்க, விதைகள் கெடாமல் இலத்தியோடு வெளிவந்து, அந்த எருவிலேயே முளைக்கின்றன. தாய்மரத்துக்கு வெகுதூரத்தில் ஒரு புதிய விளா பிறக்கிறது. மாடு சூப்பிய பனங்கொட்டை ஒழுங்கையோரத்தில் முளைத்து வடலியாய் நிற்பதைக் கண்ட நமக்கு இது வியப்பன்று. சாணத்தை உருட்டி மண்ணுள் புதைக்கும் வண்டுகள் எருவையும் சில விதைகளையும் நிலத்தடிக்குக் கொண்டு சேர்க்கின்றன.

எதிர்க்கரையும் நெடுந்தீவும்

பாக்குநீரிணையின் எதிர்க்கரையில், நாகபட்டின மாவட்டத்தில், கோடிக்கரை இருக்கிறது. அங்குள்ள காடும் நமது காட்டின் உடன்பிறப்பே. பாலை மரமே அங்கும் தலைமை பெறும். வெளிமான்களைக் காக்கும் பொருட்டு 1967 இல் அவ்விடம் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. வெளிமான் திறந்த புல்வெளியை விரும்புவது; புதர் பெருகினால் அதற்கு வாழ்வில்லை. அங்கே கட்டாக்காலிக் குதிரைகளும் உண்டு. அந்நிய நாட்டிலிருந்து வந்த சீமைக்கருவேலத்தின் இனிப்பு நெற்றை அவை விரும்பி உண்டு, விதையைச் சாணத்தோடு புல்வெளியெங்கும் இடுகின்றன. வாய் ஒன்றுதான், ஆயினும், ஒரு செடி வேற்று மண்ணிலிருந்து வந்ததாகிவிட்டால், அதே வாய் காட்டைக் கெடுக்கவும் உதவுகிறது. மேய்ச்சல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. எந்த விலங்கு, எந்தச் செடி, எவ்வளவு, எவ்வளவு காலம் என்பனவே வினாக்கள்.

குதிரை என்றதும் நமக்கு நெடுந்தீவு நினைவுக்கு வரும். குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். பவளக்கல் அடுக்கிய மதில்களும் பனைகளும் கடந்து தெற்கே சென்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வெளி. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவந்து பெருக்கப்பட்ட குதிரைகளின் சந்ததிகள் இன்றும் அங்கே கட்டின்றித் திரிகின்றன. அதற்கு முன்னரும் அத்தீவு மேய்ச்சலால் பெயர் பெற்றதே. பசுத்தீவு என்பது அதன் பழம்பெயர்களுள் ஒன்று. போர்த்துக்கீசரும் பசுக்களின் தீவு என்றே தம் மொழியில் அழைத்தனர். பல நூற்றாண்டுக் காலம் வாய்பட்ட நிலத்தில், குட்டையாய்ப் படரும் புல்லும் விலங்கு விரும்பாத புதருமே மேலோங்குவது இயல்பு.

2015 இல் அத்தீவின் ஒரு பகுதி தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அறிவித்தல் மழை பெய்விக்காது. கடுங்கோடையில் நீர்நிலைகள் வற்ற, குதிரைகள் தாகத்தால் மடிந்த செய்தி பலமுறை வந்துள்ளது. காட்டில் கோடை வந்தால் விலங்கு இடம்பெயரும். புல்லுக்கு ஓய்வு கிடைக்கும். தீவிலே இடம்பெயர வழியில்லை. விலங்கும் தளர்கிறது, புல்லும் தளர்கிறது. ஆனையிறவுக்கு அப்பால் உள்ள காட்டின் சிறப்பு விலங்குகள் மேய்வதில் மட்டும் இல்லை. அவை மேய்ந்துவிட்டு அகல்வதிலும் இருக்கிறது.

மேய்ச்சல் நின்ற நிலம்

மேய்ச்சலும் வெட்டும் முற்றாக நின்றால் என்னாகும்? இதற்கு விடை காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தனர். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னரே அந்நிலங்கள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 இல் விடுபட்டது. திரும்பிச் சென்றோர் தம் வீட்டு வளவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கிணற்றடியும் முற்றமும் தோட்டமும் பற்றைக்குள் மறைந்துகிடந்தன. வேம்பும் வடலியும் கொடியும் பின்னிக்கிடந்தன. புல்வெளி இருந்த இடம் எது என்று தெரியவில்லை. மனிதர் அங்கே பட்ட துயரம் வேறு. அதனை இக்கட்டுரை அளக்க முடியாது. ஆனால் நிலம் ஒரு பாடத்தையும் எழுதி வைத்திருந்தது. வாயும் கத்தியும் படாத நிலத்தைச் சில ஆண்டுகளில் புதர் கைக்கொள்ளும். ஒளியை விரும்பும் சிறுபூண்டும் புல்லும் அதன் கீழ் ஒடுங்கும்.

இதற்கு மறுபுறம் பாத்தீனியம். வீதியோரத்திலும் வெறுங்காணியிலும் வெண்பூப் பூத்து நிற்கும் அச்செடியை அறியாத பிள்ளை இன்று யாழ்ப்பாணத்தில் இல்லை. 1980 களின் இறுதியில் இந்தியப் படையினருக்கு உணவாகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அதன் விதையும் வந்தது என்று சொல்லப்படுகிறது. வந்த வழி எதுவாயினும், அது பரவிய வழி தெளிவானது. மாடு அதனை வெறுக்கிறது. தப்பித் தின்றால் பால் கசக்கும். சுற்றிலும் உள்ள நல்ல புல் மேயப்பட்டுக் குறைய, தீண்டப்படாத பாத்தீனியம் அந்த வெற்றிடத்தில் விதை தூவிப் பெருகுகிறது. ஆடுதின்னாப்பாளைக்கு ஒரு புழு உண்டு; நம் மண்ணில் பாத்தீனியத்துக்கு அத்தகைய பங்காளி இல்லை. ஆதலின் கையால் பிடுங்குதலே, அதுவும் பூக்குமுன் பிடுங்குதலே, நாம் செய்யத்தக்கது.

அளவும் முறையும்

வட அமெரிக்காவில் ஓநாய்களை மனிதர் அழித்தொழித்தனர். வேட்டையும் ஒரு காலத்தில் கட்டுப்படுத்தப்பட்டது. அதன் பின் வெண்வால் மான்கள் அளவின்றிப் பெருகின. இளவேனிலில் காட்டின் அடியில் மலரும் மூவிதழ்ப் பூண்டுகள் குன்றின, மரநாற்றுகள் எழவில்லை, மான் உண்ணாத பன்னங்கள் தரையை மூடின. கம்பிவேலியிட்டு மானைத் தடுத்த சிறு நிலங்களில் மட்டும் பூண்டுகள் மீண்டும் தழைத்தன. அங்கே விலங்கு மிகுந்ததால் கேடு; இங்கே விலங்கு இல்லாது போனதாலும் கேடு. சிறுத்தையும் மானும் ஆனையும் புல்லும் தத்தம் அளவில் நிற்பதே காடு.

இப்பொழுது குளக்கரை முதியவரின் இரண்டாம் பேச்சுக்கு வருவோம். 2011 இல் எடுத்த கணக்கின்படி இலங்கையில் 5,879 ஆனைகள் இருந்தன. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் ஆனைகள் நடமாடுகின்றன என்றும், அப்பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர் என்றும் பின்னர் வந்த ஆராய்ச்சி காட்டியது. அண்மைய ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஆனைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மக்களும் ஆண்டுதோறும் மாண்டு வருகின்றனர். ஆனை அடர்காட்டை மட்டும் விரும்புவதில்லை. புதர் மீளத் தளிர்க்கும் கைவிட்ட சேனையும் குளக்கரைப் புல்லும் அதற்கு மிக உகந்தவை. அவையே குடியானவனின் வயலுக்கும் வாழைக்கும் அயலாக இருப்பவை. ஆதலின் ஆனையைக் காட்டுக்குள் துரத்தி மின்வேலியிட்டால் முடிந்தது என்று எண்ணுதல் பிழை. காட்டுக்குள் போதிய இரையில்லையேல் அது மெலியும், அல்லது வேலியை உடைக்கும். ஊரையும் பயிரையும் சுற்றி வேலி அமைத்து, அறுவடைக்குப் பின் வயல்வேலியைத் திறந்துவிடும் முறை நாட்டின் சில பகுதிகளில் நன்மை தந்துள்ளது. இழப்புக்கு உரிய காலத்தில் ஈடு கொடுத்தலும் அவசியம். ஒரு காட்டின் தோட்டக்காரனுக்குக் கூலி கொடுக்கும் பொறுப்பை ஓர் ஏழையின் வாழைத்தோட்டத்தின் மேல் மட்டும் சுமத்துதல் அறமாகாது.

மாணவர்க்கு ஒரு வேலை

இவற்றை நூலில் படித்தல் போதாது. மாணவர் எவரும் தம் வளவிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. ஆடு மாடு மேயும் ஒரு மூலையில் இரண்டு மீற்றர் சதுரமான நிலத்தை அளந்துகொள்ளுங்கள். கிளுவங் கதியாலோ பழைய கம்பி வலையோ கொண்டு அதனை அடையுங்கள். அதே அளவு நிலம் ஒன்றை அருகில் அடையாது விடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் இரண்டிலும் உள்ள செடிகளை எண்ணிப் பெயருடன் கொப்பியில் குறியுங்கள். தைப்பொங்கல் கழிந்ததும் மீண்டும் எண்ணுங்கள். அடுத்த ஆண்டும் எண்ணுங்கள். எந்தப் புல் உள்ளே ஒடுங்கியது, எந்தப் பூண்டு வெளியே மறைந்தது, எது வாய்படாமல் நின்றது என்பவை தாமே விளங்கும். பெயர் தெரியாத செடிக்குப் பாட்டியைக் கேளுங்கள்; பாட்டிக்கும் தெரியாவிடின் ஊரில் மாடு வளர்த்த முதியவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரையும், ஆடு அதைத் தின்னுமா தின்னாதா என்று அவர் சொல்வதையும், அப்படியே எழுதி வையுங்கள்.

குடாநாட்டில் ஆனை மீண்டும் நடமாடப் போவதில்லை. நடமாட இடமும் இல்லை. ஆனால் எஞ்சியுள்ள தரவையையும் பற்றையையும் கோயிற் சோலையையும் எவ்வாறு பேணுவது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு நம்மிடமே இருக்கிறது. முழுதாக அடைத்துவைத்தலும் முறையன்று. முழுதாக மேயவிடுதலும் முறையன்று. மாரியில் நிலத்துக்கு ஓய்வும், கோடையில் அளவான மேய்ச்சலும், பற்றைக்குள் முளைத்த நாற்றுக்குப் பாதுகாப்பும் கொடுத்தால், இந்த வரண்ட கற்றரையிலும் பாலையும் வேம்பும் எழும். விலங்கு செய்துவந்த வேலையை விலங்கில்லாத இடத்தில் மனிதன் அறிந்து செய்தல் வேண்டும். அதற்கு முதலில் அந்த வேலை யாது என்பதை ஆனையிறவுக்கு அப்பால் சென்று பார்த்து வருதல் நன்று.